கொண்டை களையும் நாள்: சுமோவில் ஓய்வு என்பது என்ன?

2011 ஜூலை 14 அன்று, ஜப்பானின் நகோயா நகரில் நடந்த சுமோ தொடரின் ஐந்தாம் நாளில், காயோ என்ற 38 வயது வீரர் மங்கோலியாவில் பிறந்த கியோகுதென்ஹோவை வென்று, தம் வாழ்நாளின் 1046ஆவது வெற்றியைப் பதிவு செய்தார். அதுவரை எந்தச் சுமோ வீரரும் அத்தனை ஆட்டங்களை வென்றதில்லை. முன்னாள் மாவீரர் சியோனோஃபுஜியின், இருபது ஆண்டுகளாக அசையாமல் இருந்த 1045 என்ற சாதனை அன்று முறியடிக்கப்பட்டது. அரங்கம் ஆர்ப்பரித்தது. அடுத்த ஐந்தே நாள்களில், அதே தொடர் முடிவதற்குள்ளாகவே, காயோ ஓய்வு பெறுவதாக அறிவித்தார். மற்ற விளையாட்டுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விளங்காத செயலாகத் தோன்றும். தொடரின் நடுவே ஏன் விலக வேண்டும்? சுமோ ரசிகர்கள் ஏன் அதிர்ச்சி அடையாமல், நெடுநாள் எதிர்பார்த்திருந்த ஒன்று வந்து சேர்ந்ததுபோல ஒரே நேரத்தில் அழவும் ஆறுதல் கொள்ளவும் செய்தார்கள்? இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், சுமோவில் ஓய்வு என்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுமோவின் ஆண்டு ஆறு பெருந்தொடர்களால் ஆனது. ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில் டோக்கியோவிலும், மார்ச்சில் ஒசாகாவிலும், ஜூலையில் நகோயாவிலும், நவம்பரில் ஃபுகுவோகாவிலும் அவை நடைபெறுகின்றன. ஒவ்வொன்றும் 15 நாள். மேல்நிலை வீரர்கள் நாளுக்கு ஓர் ஆட்டம் வீதம் 15 ஆட்டங்கள் ஆடுவார்கள். எட்டு அல்லது அதற்கு மேல் வென்றவர் அடுத்த தொடரின் தரவரிசைப் பட்டியலில் பெரும்பாலும் மேலே ஏறுவார். எட்டைத் தொடாதவர் இறங்குவார். பன்சுகே எனப்படும் இந்தப் பட்டியல்தான் சுமோ உலகின் அரசியல் சாசனம். சம்பளம், உடை, உணவு உண்ணும் வரிசை, குளிக்கும் முறை, பணிவிடை செய்ய உதவியாளர்கள் உண்டா இல்லையா என்பது வரை அனைத்தையும் அதுவே தீர்மானிக்கிறது. சுமார் 600 வீரர்களில் மேலேயுள்ள 70 பேருக்கு மட்டுமே மாதச் சம்பளம் உண்டு. இவர்களைச் செகிதோரி என்று அழைப்பார்கள். மற்றவர்கள் தங்கள் குருவின் பயிற்சிக் கூடத்தில் உண்டு உறங்கி, சிறு படித்தொகையோடு, அந்த 70 இடங்களில் ஒன்றுக்காகக் காத்திருப்பவர்கள்.

காயத்துக்கும் இந்தப் பட்டியலில் இரக்கம் கிடையாது. களத்தில் அடிபட்டவருக்கு அடுத்த தொடரில் தர இறக்கம் இல்லாமல் விலக்கு அளிக்கும் முறை ஒரு காலத்தில் இருந்தது. 2003ஆம் ஆண்டோடு அது கைவிடப்பட்டது. இப்போது ஆடாத நாள் ஒவ்வொன்றும் தோல்வியாகவே எண்ணப்படுகிறது. ஆகவே முழங்கால் கிழிந்த ஒரு மூத்த வீரர் வீட்டில் படுத்திருக்கும்போதே அவர் பெயர் பட்டியலில் படிப்படியாகக் கீழிறங்கிக்கொண்டிருக்கும். அதை ரசிகர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அச்சிட்ட தாளில், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வீரரின் முதுமை இவ்வளவு துல்லியமாகப் பொதுவெளியில் அளக்கப்படும் விளையாட்டு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்தாய் என்று ஜப்பானியர்கள் குறிப்பிடும் ஓய்வு, ஜப்பான் சுமோ சங்கத்திடம் முறைப்படி கொடுக்கப்படும் ஒரு விலகல் விண்ணப்பம். அது ஏற்கப்பட்டதும் அந்த வீரர் மீண்டும் களமேறவே முடியாது. குத்துச்சண்டையில் ஜார்ஜ் ஃபோர்மன் 1977இல் விலகி, பத்தாண்டு கழித்துத் திரும்பி, 1994இல் 45ஆம் வயதில் மீண்டும் உலகப் பட்டத்தை வென்றார். கிரிக்கெட்டில் ஒரு வகை ஆட்டத்திலிருந்து விலகியவர் இன்னொரு வகையில் பல ஆண்டுகள் தொடரலாம். சுமோவில் இத்தகைய பாதை எதுவும் இல்லை. சுமோ சங்கத்துக்கு வெளியே தொழில்முறைச் சுமோ என்று ஒன்று கிடையாது. உள்ளே ஒருமுறை விலகியவருக்கு மறுநுழைவு கிடையாது. விடைபெற்ற வீரர் தாம் களத்தில் சூடியிருந்த பெயரையும், பின்னர் சுமோ வீரரின் அடையாளமான தலைக்கொண்டையையும் இழப்பார். விலகிய வீரர் மனம் மாறித் திரும்பக்கூடும் என்ற நப்பாசைக்குச் சுமோ ரசிகரின் வாழ்வில் இடமில்லை. அவர்களின் அழுகைக்குப் பின்னால் முதலில் நிற்பது இந்த இறுதித்தன்மைதான்.

ஆனால் எல்லா ஓய்வுக்கும் ஒரே வகையான எதிர்வினை எழுவதில்லை. விலகுபவர் பட்டியலின் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து ரசிகர்களின் மனநிலை பெரிதும் மாறுகிறது. உச்சியில் யோகோசுனா, அதற்கு அடுத்து ஓசெகி, பிறகு செகிவாகே, கொமுசுபி, அவற்றுக்கும் கீழே மயெகாஷிரா என்னும் பெருந்திரள். இந்த ஐந்தும் சேர்ந்ததே முதல் பிரிவு. அதில் 42 பேர் இருப்பார்கள். அதற்கு அடுத்த பிரிவான ஜூரியோவில் 28 பேர். ஓசெகி தொடர்ந்து இரண்டு தொடர்களில் எட்டு வெற்றியைத் தொடாவிட்டால் பதவியிறக்கம் பெறுவார். யோகோசுனாவை மட்டும் எவரும் இறக்க முடியாது. இதைச் சலுகை என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இறங்கும் வழி அடைபட்டிருப்பதால், ஆட்டம் குன்றிய யோகோசுனாவுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி வெளியேறுவதுதான்.

கிசெனோசாதோவின் கதை இதற்குக் கொடுமையான சான்று. 2017 ஜனவரியில் அவர் யோகோசுனாவாக உயர்ந்தபோது, ஜப்பானில் பிறந்த ஒருவர் அந்தப் பதவிக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. மங்கோலிய வீரர்கள் உச்சியை ஆண்டுகொண்டிருந்த காலத்தில் ஜப்பானிய ரசிகர்களின் ஏக்கம் முழுவதும் இவர் மீது வந்து இறங்கியது. உயர்ந்த பின் ஆடிய முதல் தொடரிலேயே இடப்பக்க மார்பிலும் தோளிலும் பலத்த காயம். அதனோடும் கடைசி நாளில் தெருனோஃபுஜி என்ற வீரரை, வழக்கமான ஆட்டத்திலும் கோப்பைக்கான கூடுதல் ஆட்டத்திலுமாக, அடுத்தடுத்து இருமுறை வீழ்த்திக் கோப்பையை வென்றார். அன்றைய மகிழ்ச்சிக்கு அவர் கொடுத்த விலை மிகப் பெரிது. அதன்பின் எட்டுத் தொடர்களில் முழுமையாகவோ பாதியிலோ ஆடாமல் விலக நேர்ந்தது. 2018 நவம்பர் தொடருக்குப் பிறகு, யோகோசுனாக்களின் தகுதியை ஆராயும் ஆலோசனைக் குழு அவருக்கு ஓர் ‘ஊக்கத்’ தீர்மானம் அனுப்பியது. பெயர் இனிமையாக இருந்தாலும் அது எச்சரிக்கை என்பதை அறியாதவர் இல்லை. 2019 ஜனவரித் தொடரில் முதல் மூன்று நாளும் தோற்று, மறுநாள் விலகினார். தம் களவாழ்வில் துளியும் வருத்தமில்லை என்று அழுதுகொண்டே சொன்னார். அவரோடு சேர்ந்து அழுத ரசிகர்களில் பலர், அதற்கு முந்தைய மாதங்களில் அவர் இனியும் துன்பப்பட வேண்டாம் என்று விரும்பியவர்களும்கூட. யோகோசுனாவின் ஓய்வில் இந்த விசித்திரக் கலவை எப்போதும் உண்டு: அவர் போவதில் துக்கம், தோற்றுக்கொண்டே இருப்பதை இனிப் பார்க்க வேண்டியதில்லை என்பதில் நிம்மதி.

காயோ ஓசெகி வரை மட்டுமே உயர்ந்து, அந்த உச்சியைத் தொடாதவர். அதனால்தான் அவர் கதை வேறு மாதிரி. ஃபுகுவோகா மாகாணத்தின் நோகாதா என்ற ஊரில் 1972இல் பிறந்த அவர், 1988 மார்ச்சில் சுமோவில் அறிமுகமானார். அதே தொடரில் அறிமுகமான இளைஞர்களில் மூவர் பின்னாளில் யோகோசுனாக்கள் ஆனார்கள்: ஹவாய்த் தீவில் பிறந்த அகேபோனோ, உடன்பிறந்தோரான தகானோஹானா, வகானோஹானா. 2003 தொடங்குவதற்குள் இருவரும், அந்த ஜனவரியில் மூன்றாமவரும் களத்தை விட்டு அகன்றார்கள். காயோவோ அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் ஆடினார். ஐந்து கோப்பைகளை வென்றவர் அவர். யோகோசுனா ஆவதற்கு ஓசெகி நிலையில் அடுத்தடுத்த இரு தொடர்களை வெல்ல வேண்டும், அல்லது அதற்கு இணையாக ஆட வேண்டும் என்பது வழக்கம். 2004 செப்டம்பரில் கோப்பையை வென்றபின், நவம்பரில் சொந்த மண்ணான ஃபுகுவோகாவில் நடந்த தொடரில் அந்த வாய்ப்பு அவர் கைக்கெட்டும் தொலைவில் வந்தது. 12 வெற்றி, 3 தோல்வி. கோப்பையும் இல்லை, பதவியும் இல்லை. அந்த வாய்ப்பு அந்த அளவுக்கு நெருக்கமாக மீண்டும் வரவில்லை.

அவர் ஆட்டத்தைப் பற்றிச் சில வரிகள் சொல்லாமல் போனால் அந்த அன்பின் காரணம் விளங்காது. வலக்கையால் எதிராளியின் இடுப்புக்கச்சையை வெளிப்பக்கமாகப் பற்றி, உடலைத் திருப்பி வீசுவது அவரது முத்திரை. அந்தக் கை கச்சையில் விழுந்துவிட்டால் அரங்கம் முழுவதும் முடிவை முன்கூட்டியே அறிந்து கூவத் தொடங்கும். எதிராளி எங்கே எப்படி விழுவார் என்பதைப் பார்ப்பது மட்டுமே பாக்கி. முதுகுவலியும் தோள் வலியும் நாளாக ஆக அவரைத் தின்றன. எட்டு வெற்றியைத் தவறவிட்டு, அடுத்த தொடரில் தவறினால் பதவி போகும் என்ற விளிம்பில் பத்துக்கும் மேற்பட்ட முறை நின்றார். ஒவ்வொரு முறையும் எப்படியோ எட்டைத் தொட்டு மீண்டார். இதை ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள். கோப்பைக்காக ஆடாமல் எட்டுக்காக மட்டுமே ஆடும் ஓசெகி எதற்கு என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனாலும் நவம்பர் தோறும் ஃபுகுவோகா அரங்கில் அவர் பெயரை முழக்கியவர்களுக்கு அந்த எட்டாவது வெற்றியே ஒரு கோப்பையாக இருந்தது. அவர் பெயரில் ஒரு விரைவு ரயிலே 2001 முதல் நோகாதாவுக்கும் ஃபுகுவோகா நகரின் ஹகாதாவுக்கும் இடையே ஓடுகிறது. அவர் விலகிய பிறகும் அதன் பெயர் மாறவில்லை.

2010 ஜனவரியில் நடந்த ஓர் ஆட்டம் சுமோ ஓய்வின் இயல்பை ஒரே காட்சியில் காட்டுகிறது. அன்று காயோவின் எதிராளி சியோதைகாய்; ஓசெகி பதவியில் 65 தொடர்கள் இருந்து, அண்மையில்தான் அதை இழந்திருந்த 33 வயது வீரர். அவரைக் காயோ வீழ்த்தினார். அது முதல் பிரிவில் காயோவின் 808ஆவது வெற்றி. அந்த வெற்றியால் முறிந்தது சியோனோஃபுஜியின் 807 என்ற சாதனை. சியோனோஃபுஜிதான் சியோதைகாயின் குரு. அதாவது, குருவின் சாதனை அவருடைய சீடர் மண்ணில் விழுந்த கணத்தில் முறிந்தது. அந்தச் சீடர் மறுநாளே ஓய்வை அறிவித்தார். வென்றவருக்குச் சாதனை நாள், தோற்றவருக்குக் கடைசி நாள், இரண்டுக்கும் ஒரே கைதட்டல். அந்த அரங்கில் இருந்தவர்கள் யாருக்காகக் கைதட்டினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு காயோவின் முறை வந்தது. 2011 சுமோவுக்கே ஓர் இருண்ட ஆண்டு. ஆட்டங்களின் முடிவுகள் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டன என்ற ஊழல் வெளியானதால் மார்ச் தொடர் ரத்து செய்யப்பட்டது. மே மாதத் தொடர் கோப்பையும் பரிசும் இல்லாமல், பார்வையாளர்களுக்குக் கட்டணமும் இல்லாமல் நடத்தப்பட்டது. அந்தச் சூழலில் ஜூலையில் நகோயாவில் காயோ 1044 வெற்றிகளோடு களமேறி முதல் மூன்று நாளும் தோற்றார். நான்காம் நாள் வென்று சாதனையைச் சமன் செய்தார்; ஐந்தாம் நாள் முறியடித்தார். பத்தாம் நாள், பல்கேரியரான கொதோஷுவிடம் தோற்றபோது கணக்கு 3 வெற்றி, 7 தோல்வி. எஞ்சிய ஐந்தையும் வென்றால் எட்டு வந்துவிடும் என்ற கணக்கு அப்போதும் உயிரோடுதான் இருந்தது. தவறினாலும் இன்னொரு தொடர் அவகாசம் உண்டு. அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை. தம் 39ஆம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு, 1047 வெற்றிகளோடு நிறுத்திக்கொண்டார். அவர் போனதும் மேலிரு பதவிகளிலும் ஜப்பானில் பிறந்த வீரர் ஒருவர்கூட இல்லாமல் போனார். செப்டம்பர் இறுதியில் கொதோஷோகிகு ஓசெகியாக உயரும் வரை அந்த வெறுமை நீடித்தது. ஆகவே அன்றைய கண்ணீரில் ஒரு மனிதரைப் பிரியும் துயரத்தோடு, ஊழலால் மானமிழந்த ஒரு கலையின் நேர்மையான முகம் மறைகிறது என்ற கவலையும் கலந்திருந்தது. அவருடைய மொத்த வெற்றிச் சாதனையை 2017 ஜூலையில் மங்கோலிய யோகோசுனா ஹகுஹோ தாண்டினார், அதுவும் நகோயாவில்தான்.

தொடரின் நடுவே விலகுவது ஏன் என்ற தொடக்கக் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. மேல்நிலை வீரர் தம் பதவிக்குரிய ஆட்டத்தைத் தர இயலாது என்று உணர்ந்த பிறகும் களத்தில் நிற்பது, அவரை வெல்லும் எதிராளிகளுக்கும் காசு கொடுத்து வந்தவர்களுக்கும் செய்யும் அவமரியாதையாகக் கருதப்படுகிறது. முன்னறிவித்த விடைபெறும் சுற்றுப்பயணம், கடைசி ஆட்டத்துக்கான சிறப்பு ஏற்பாடு போன்றவை தொடருக்குள் கிடையாது. கடைசி ஆட்டம் எதுவென்று பெரும்பாலும் அது முடிந்த பிறகுதான் தெரியும். கீழ்நிலைகளில் நிலைமை சற்று வேறு: அங்கே பலரும் தொடர் முடிந்ததும், அடுத்த பட்டியலில் தாங்கள் எங்கே விழப்போகிறோம் என்பது தெளிவானதும் விண்ணப்பத்தைக் கொடுக்கிறார்கள். பட்டியலைத் தீர்மானிக்கும் கூட்டம் தொடர் முடிந்த புதன்கிழமை நடப்பதால், அனுபவமுள்ள ரசிகர்கள் அந்த வாரம் முழுவதும் செய்திகளை அச்சத்தோடு பார்ப்பார்கள்.

கடைசி எதிராளி யார் என்பதை ரசிகர்கள் மறப்பதே இல்லை. 1991 மே மாதத் தொடரின் முதல் நாளில், 31 கோப்பைகளை வென்ற 35 வயது சியோனோஃபுஜியை, தகாஹனாதா என்ற 18 வயது இளைஞர் களவட்டத்துக்கு வெளியே தள்ளி வென்றார். இரண்டு நாள் கழித்து தகாதோரிகியிடமும் தோற்ற அந்த மாவீரர், உடல்வலிமையின் எல்லைக்கு வந்துவிட்டதாகத் தொண்டை அடைக்கச் சொல்லி விடைபெற்றார். ஜப்பானியத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி இன்றும் மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது. அந்த 18 வயது இளைஞர்தான் பின்னாளைய யோகோசுனா தகானோஹானா. அவர் 2003 ஜனவரியில் கடைசியாகத் தோற்றது அமினிஷிகி என்ற இளம் வீரரிடம். அமினிஷிகியோ 2019 வரை ஆடினார். மூன்று வீரர்கள், மூன்று தலைமுறை. யாரை வீழ்த்தி வந்தார், யாரிடம் வீழ்ந்து போனார் என்ற இந்த வம்சாவளியை ரசிகர்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இதனால் ஒரு மூத்தவரின் விலகலில் அவரோடு ஆடிய ஒரு தலைமுறையே விலகுவதாக உணர்கிறார்கள்.

அமினிஷிகியின் கதை மயெகாஷிராக்களின் ஓய்வுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. செகிவாகே வரை உயர்ந்த அவர் முதல் பிரிவில் ஒருமுறைகூடக் கோப்பை வென்றதில்லை. 2016 மே மாதம், 37 வயதில், குதிகால் தசைநாண் அறுந்தது. அந்த வயதில் அத்தகைய காயம் பட்டவர் விலகிவிடுவதுதான் உலக வழக்கம். அவர் ஜூரியோவுக்கு இறங்கி, அங்கே ஓராண்டுக்கு மேல் போராடி, 2017 நவம்பரில் 39 வயதில் முதல் பிரிவுக்குத் திரும்பினார். கடைசி நாளில் எட்டாவது வெற்றியைப் பெற்று, போர்க்குணத்துக்கான சிறப்புப் பரிசையும் வென்று, பேட்டியில் அழுதார். 2019 ஜூலையில் முழங்கால் கைவிட்டபோது அவருக்கு வயது 40. செகிதோரியாக அவர் ஆடிய தொடர்கள் 117. காயோவின் எண்ணிக்கையும் அதுவே. யோகோசுனாவிடம் ரசிகர்கள் காட்டும் கண்டிப்பு இத்தகையவர்களிடம் சிறிதும் இல்லை. இவர்கள் தோற்றாலும் குற்றமில்லை, கீழே இறங்கினாலும் இழுக்கில்லை. இன்னும் ஒரு தொடர், இன்னும் ஒன்று என்று ரசிகர்களே கெஞ்சுவார்கள்.

முதலில் சொன்ன கியோகுதென்ஹோவும் இந்த வரிசையில் சேர்ந்தவர்தான். 1992இல் ஜப்பானுக்கு வந்த முதல் மங்கோலிய இளைஞர் குழுவில் ஒருவர். 2012 மே மாதம், 37 வயதில், எவரும் எதிர்பாராத வகையில் தம் முதல் கோப்பையை வென்றார். 2015 ஜூலையில், 40 வயதில், 3 வெற்றி மட்டும் பெற்று ஜூரியோவுக்கு இறங்குவது உறுதியானதும் விலகினார். செகிதோரி ஆகாமலே விலகுபவர்களைப் பற்றி வெளியுலகம் பேசுவதில்லை. ஆனால் ஹனாகாசே என்ற வீரர் 2022 ஜனவரியில் ஓய்வு பெற்றபோது செய்தியானது. 1986இல் களமேறிய அவர், ஒருநாளும் சம்பளப் பட்டியலை எட்டாமல், 51 வயது வரை ஆடினார். ஆட்கள் நிரம்பாத காலை நேரத்து அரங்கில், தம் மகன் வயதுள்ளவர்களோடு மோதிக்கொண்டிருந்த அவருக்கும் தனி ரசிகர் கூட்டம் இருந்தது என்பதில் இந்த விளையாட்டின் சாரம் எனக்குப் புலப்படுகிறது.

விலகல் அறிவிப்போடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. கொண்டை இன்னும் தலையில் இருக்கிறது. அதைக் களையும் சடங்கான தன்பட்சு ஷிகி, செகிதோரியாகப் போதிய தொடர்கள் ஆடியவர்களுக்கு, டோக்கியோவில் ஏறத்தாழ 11,000 பேர் அமரக்கூடிய ரியோகோகு கொகுகிகான் அரங்கில் நடக்கும். அரங்கம் தொடர்களுக்கு இடைப்பட்ட சில வாரங்களில் மட்டுமே கிடைக்கும் என்பதால் காத்திருப்பு நீளும். காயோவுக்குப் பத்து மாதம் கழித்து, 2012 மே மாதம் நடந்தது. 2021 செப்டம்பரில் விலகிய ஹகுஹோவுக்கு 2023 ஜனவரியில்தான் நடந்தது. விழாவில் கேலிச் சுமோ, சுமோப் பாடல்கள், முரசு வாசிப்பு, முடிதிருத்துநர் கொண்டை கட்டிக் காட்டுதல் எனப் பல நிகழ்ச்சிகள் உண்டு. நுழைவுச்சீட்டு வருவாய் விடைபெறும் வீரருக்குச் செல்லும். இந்தப் பக்கம் திருவிழா, அந்தப் பக்கம் பிரிவு.

பிறகு வீரர் களமேடையின் நடுவில், முறையான கருப்பு உடையில், ஒரு நாற்காலியில் அமர்வார். நடுவர் ஒருவர் பொன்முலாம் பூசிய கத்தரிக்கோலோடு அருகில் நிற்பார். ஆதரவாளர் சங்கத்தினர், ஊர்ப் பிரமுகர்கள், பள்ளி ஆசிரியர்கள், பழைய எதிராளிகள், சக வீரர்கள் என நூற்றுக்கணக்கானோர் ஒவ்வொருவராகப் பின்னால் வந்து சில மயிர்களை மட்டும் வெட்டி, காதருகே ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்குவார்கள். மணிக்கணக்கில் நீளும் இந்த வரிசையின்போதுதான் இருக்கைகளிலிருந்து ரசிகர்கள் அவர் களப்பெயரைக் கூவுவார்கள். இவ்வளவு காலம் பட்ட பாட்டுக்கு நன்றி என்ற பொருளில் ஜப்பானியர்கள் வேலை முடித்துப் போகிறவரிடம் சொல்லும் அதே அன்றாட வாழ்த்தும் எழும். கடைசி வெட்டு குருவுடையது. அதுவரை கல்லாக இருந்த வீரர்கள் பலர் அந்த ஒரு வெட்டில் உடைந்துபோவதுண்டு. பெண்கள் களமேடை ஏறக்கூடாது என்ற மரபு இன்றும் தொடர்வதால், மகனுக்காகப் பட்டினி கிடந்த தாயும் கணவரின் காயங்களுக்குக் கட்டுப்போட்ட மனைவியும் கீழே நின்று பார்க்கத்தான் முடியும். இந்த மரபில் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானிலும் இது விவாதிக்கப்பட்டு வருகிறது. களமேடை இல்லாத விடுதி மண்டபங்களில் சடங்கை நடத்துபவர்களும் இருக்கிறார்கள். கீழ்நிலை வீரர்களுக்குப் பெரிய அரங்கம் எதுவும் இல்லை. பயிற்சிக் கூடத்தின் தொடர் நிறைவு விருந்தில், தோழர்கள் சூழ, அதே கத்தரிக்கோல் சடங்கு எளிமையாக நடக்கும்.

அதன்பின் என்ன ஆவார்கள் என்பது ரசிகர்களின் அடுத்த கவலை. சங்கத்தில் ஓயகாதா, அதாவது மூத்தோர், ஆவதற்கு 105 பரம்பரைப் பெயர்கள் மட்டுமே உள்ளன. அவற்றில் ஒன்று கிடைத்தால்தான் சங்கத்தில் தங்கி, சீடர்களை வளர்த்து, 65 வயது வரை பணியாற்றலாம். யோகோசுனாவும் ஓசெகியும் மட்டும் பெயர் கிடைக்கும் வரை முறையே ஐந்து ஆண்டும் மூன்று ஆண்டும் தங்கள் களப்பெயரிலேயே தொடரலாம். மற்றவர்கள் குறிப்பிட்ட பதவியையோ தொடர் எண்ணிக்கையையோ எட்டியிருக்க வேண்டும். ஜப்பானியக் குடியுரிமை எல்லோருக்கும் கட்டாயம். வெளிநாட்டு வீரர் வயதாகியும் ஆடிக்கொண்டிருக்கும்போது அவர் குடியுரிமை மாறினாரா என்று ரசிகர்கள் விசாரிப்பது இதனால்தான். கியோகுதென்ஹோ 2005இலேயே மாறியதால் பின்னர் ஒரு பயிற்சிக் கூடத்தின் தலைவரானார். ஜார்ஜியரான முன்னாள் ஓசெகி தோச்சினோஷின் மாறவில்லை. 2023 மே மாதம் விலகியபோது சுமோ உலகத்தையே விட்டுச் செல்ல வேண்டியதாயிற்று. அத்தகைய விடைபெறுதலில் ரசிகர்களின் துயரம் இரட்டிப்பாகிறது.

தங்குபவர்களை ரசிகர்கள் எளிதில் இழப்பதில்லை. அடுத்த தொடரிலேயே அவர் சங்கத்தின் மேலங்கியை அணிந்து, கொண்டை களையாத தலையோடு, வீரர்கள் வரும் பாதையில் காவலாளியாக நிற்பதைக் காணலாம். சில நேரங்களில் அரங்கத்துக் கடையில் துண்டும் சட்டையும் விற்றுக்கொண்டிருப்பார். நேற்றுவரை எட்டி நின்று பார்த்த வீரரிடம் இன்று சில்லறை வாங்கும் அனுபவத்துக்காகவே வரிசையில் நிற்பவர்கள் உண்டு. அமினிஷிகி இப்போது அஜிகாவா என்ற பெயரில் சொந்தப் பயிற்சிக் கூடம் நடத்துகிறார். போரினால் உக்ரைனை விட்டு வந்த ஓர் இளைஞர் அங்கே சேர்ந்து, குருவின் பெயரிலிருந்து பாதியை எடுத்து அவோனிஷிகி என்று பெயர் சூடினார். 2025 நவம்பரில், அமினிஷிகி 39 வயதில் அழுதபடி பேட்டி கொடுத்த அதே ஃபுகுவோகா தொடரில், அந்தச் சீடர் முதல் பிரிவுக் கோப்பையை வென்று ஓசெகியாக உயர்ந்தார்.